லத்தீனோக் குடும்பங்களின் மனத்துயரும் ஆதரவும்



மனநோய் என்றதும் அது ஒரு தனி மனிதனுடைய தலைக்குள் நிகழும் விபரீதம் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். நோயாளி ஒருவர், வைத்தியர் ஒருவர், இருவருக்கும் நடுவே ஒரு மேஜை, மேஜையின்மேல் ஒரு மருந்துச் சீட்டு என்ற அளவிலே அந்தச் சித்திரம் நம் மனத்தில் நின்றுவிடுகிறது. ஐக்கிய அமெரிக்க நாட்டில் வாழும் லத்தீனோ மக்களின் வரலாற்றையும், அவர்களிடையே உழைத்த வைத்தியர்களும் மனோதத்துவ அறிஞர்களும் எழுதி வைத்தவற்றையும் ஆழ்ந்து படிப்பவர்களுக்கு, அந்தச் சித்திரம் எவ்வளவு குறைபாடுடையது என்பது விளங்காமற் போகாது. பாட்டியும் தாயும் மகளும் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கியும், பழக்கத்தாலும் பாஷையாலும் நினைவாலும் மூன்று வேறு உலகங்களில் வாழ நேர்ந்த அந்தக் குடும்பங்களில், நோவு ஒருவரிடத்திலே வெளிப்படுகிறதே ஒழிய, அந்த ஒருவருக்குள்ளேயே பிறப்பதில்லை. தலைமுறைக்கும் தலைமுறைக்கும் நடுவே விழுந்துவிட்ட இடைவெளியிலே அது பிறக்கிறது. ஆதலால் ஆதரவும் அந்த இடைவெளியைத் தேடிப் போகவேண்டும் என்பதே இன்று உங்கள்முன் நான் வைக்க விரும்பும் கருத்து.

இவர்கள் யார் என்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன். 2020ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி அந்நாட்டில் ஏறத்தாழ 6 கோடியே 21 இலட்சம் பேர் தம்மை லத்தீனோ அல்லது ஹிஸ்பானிக் வகுப்பினர் என்று பதிவு செய்துகொண்டார்கள். நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. அவர்களுட் பெரும்பாலோர் மெக்ஸிகோ வழியினர். அந்த மெக்ஸிகோ வழியினருள்ளும் சிலருடைய முன்னோர் எல்லையைத் தாண்டி வந்தவர்கள் அல்லர். 1848இல் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையால் மெக்ஸிகோவின் வடபகுதி அமெரிக்கர் வசமானபோது, நின்ற இடத்திலேயே நாடு மாறப் பெற்றவர்கள். வேறு சிலர் 1942 முதல் 1964 வரை நடைபெற்ற பிராசெரோ ஒப்பந்தத்தின்படி மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வயல்வேலைக்கு வந்த ஆடவரின் சந்ததியார். போர்த்தோ ரீக்கோ தீவினர் 1917லிருந்தே அமெரிக்கப் பிரஜைகள். ஆயினும் நியூயார்க்கிலே அவர்கள் அந்நியராகவே பல காலம் நடத்தப்பட்டார்கள். கியூபாவில் ஆட்சி மாறிய பின்னர், 1960க்கும் 1962க்கும் இடையில், பதினான்காயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியரைப் பெற்றோர்கள் தனியே விமானத்தில் ஏற்றி மயாமிக்கு அனுப்பிவைத்தார்கள். அவர்களுட் பலர் தாய் தந்தையரை மீண்டும் காண ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க வேண்டியதாயிற்று. எல் சால்வதோர் நாட்டவர் 1980 முதல் 1992 வரை நீடித்த உள்நாட்டுப் போரிலிருந்தும், குவாத்தமாலா நாட்டவர் 1960 முதல் 1996 வரை நீடித்த அதனினும் கொடிய போரிலிருந்தும் தப்பி வந்தவர்கள். இத்தனை பேரையும் ஒரே பெயரால் அழைப்பது கணக்கெடுப்புக்குச் சௌகரியமாக இருக்கலாம். துக்கத்தை அறிய முயல்பவனுக்கு அது போதாது.

இந்த மக்களைப் பற்றி 1998இல் வெளியான ஓர் ஆராய்ச்சி மனோவைத்திய உலகத்தைத் திகைக்க வைத்தது. கலிபோர்னியா மாகாணத்தில் திராட்சையும் பருத்தியும் விளையும் பிரெஸ்னோ என்ற மாவட்டத்தில், மெக்ஸிகோ வழிவந்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆண் பெண்களை வில்லியம் வேகா என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் பேட்டி கண்டார்கள். மெக்ஸிகோவிற் பிறந்து குடியேறியவர்களில், வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனக்கோளாற்றுக்கு ஆளானவர்கள் 100க்கு ஏறத்தாழ 25 பேர். அமெரிக்காவிலேயே பிறந்தவர்களிலோ 100க்கு ஏறத்தாழ 48 பேர். பட்டினி கிடந்தவர், பாலைவனத்தைக் கடந்தவர், வெயிலிற் குனிந்து பழம் பறிப்பவர் ஆகியோரின் மனம் ஓரளவு உறுதியாக இருக்க, அவர்கள் பட்ட பாட்டின் பலனை அநுபவிக்கப் பிறந்த பிள்ளைகளின் மனம் அவர்களைக் காட்டிலும் இருமடங்கு நோவுபடுகிறது என்றால், இதற்கு என்ன காரணம்? குடியேறியவர்களுள்ளும், நெடுங்காலம் தங்கியவர்களிடத்தில் நோவு மிகுதியாகவும் அண்மையில் வந்தவர்களிடத்திற் குறைவாகவும் இருந்தது என்பதைச் சேர்த்து எண்ணும்போது கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

இந்த முடிவை எல்லா லத்தீனோக்களுக்கும் ஒருசேரப் பொருத்திவிடக் கூடாது. மார்கரீத்தா அலெக்ரியா என்ற அம்மையாரின் தலைமையில், 2002, 2003ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் நடந்த விரிவான ஆய்வு, மெக்ஸிகோ வழியினருக்குப் பொருந்தும் இந்த விதி போர்த்தோ ரீக்கோ மக்களுக்கு அவ்வாறு பொருந்தவில்லை என்று காட்டிற்று. ஆனாலும் மையமான உண்மை நிலைத்தே நிற்கிறது. குடியேறியவன் தன்னோடு கொண்டுவரும் உறவு, பக்தி, இன்னதற்காகத்தான் துன்பப்படுகிறோம் என்ற தெளிவு ஆகியவை அவனைத் தாங்குகின்றன. அவனுடைய பிள்ளைக்கு அந்தத் தெளிவு கிடைப்பதில்லை. தகப்பன் தன் நிலையைத் தான் விட்டுவந்த கிராமத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்தியடைகிறான். மகனோ பள்ளியில் தன் பக்கத்தில் அமர்ந்திருக்கும் வெள்ளைக்காரப் பையனோடு ஒப்பிட்டுப் பார்த்துக் குன்றிப் போகிறான். ஒரே வீடு, ஒரே வருமானம், ஒரே உணவு. அளவுகோல் மட்டும் வேறாகிவிடுகிறது. அந்த வேற்றுமையை இருவரும் ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்ல முடியாமற் போவதுதான் துன்பத்தின் தொடக்கம்.

இடைவெளி எப்படி உண்டாகிறது என்பதைச் சிறிது அருகிலிருந்து பார்ப்போம். ஹொண்டுராஸ் நாட்டிலோ எல் சால்வதோரிலோ வறுமைப்பட்ட ஒரு தாய், தன் மூன்று வயதுக் குழந்தையைத் தன் தாயாரிடம் ஒப்படைத்துவிட்டு, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குப் போய் வேறொருத்தியின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அமர்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட தாய்மார் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மாதந்தோறும் பணம் வருகிறது. பண்டிகைக்குப் புதுச் சட்டையும் பொம்மையும் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளிலே தொலைபேசியில் குரல் வருகிறது. குழந்தை பாட்டியையே அம்மா என்று அழைத்து வளர்கிறது. பத்து ஆண்டுகளுக்குப் பின், கடன்பட்டுச் சேர்த்த பணத்தைக் கொண்டு தாய் அந்தப் பிள்ளையைத் தன்னிடம் வரவழைத்துக் கொள்கிறாள். அவள் கனவிலே கண்டுகொண்டிருந்த மூன்று வயதுக் குழந்தைக்குப் பதிலாக, அரும்பு மீசையுடன் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் வந்து நிற்கிறான். அவன் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறான். வீட்டிலே அவனுக்கு அறிமுகமில்லாத ஒரு மாற்றாந் தகப்பனும், இங்கிலீஷ் பேசுகிற, இங்கேயே பிறந்து பிரஜை உரிமை பெற்ற ஒரு தங்கையும் இருக்கிறார்கள். தாய் தன் தியாகத்துக்கு நன்றியை எதிர்பார்க்கிறாள். பிள்ளையோ தன்னை விட்டுப் போனதற்கு விளக்கத்தை எதிர்பார்க்கிறான். அவள் மகிழ்ச்சியோடு விருந்து சமைக்கும் அந்த வாரத்திலேதான் அவன் உள்ளூரப் பாட்டியைப் பிரிந்த துக்கத்திலே ஆழ்ந்திருக்கிறான். பாட்டி இறக்கவில்லையாதலால் அதைத் துக்கமென்று ஒருவரும் ஒப்புக்கொள்வதுமில்லை; அழுதால் தாய் மனம் புண்படுமே என்று அவனும் அழுவதில்லை.

இத்தகைய பிரிவு அபூர்வமானதன்று. கரோலா சுவாரெஸ் ஒரோஸ்கோ, மார்செலோ சுவாரெஸ் ஒரோஸ்கோ என்ற அறிஞர்கள் 1997இல் தொடங்கி பாஸ்டன், சான்பிரான்சிஸ்கோ பகுதிகளிலே குடியேறிய பிள்ளைகள் சுமார் 400 பேரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா, தொமினிக்கன் குடியரசு, ஹைட்டி, சீனா ஆகிய இடங்களிலிருந்து வந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுள் 100க்கு 85 பேர் குடியேற்றத்தின்போது தாயையோ தந்தையையோ இருவரையுமோ பிரிந்திருந்தவர்கள். பள்ளியாசிரியர் முன்னே சொன்ன அந்தப் பையனைக் கவனமில்லாதவன் என்றும், வைத்தியர் மனச்சோர்வுற்றவன் என்றும், தாய் நன்றிகெட்டவன் என்றும் சொல்லக்கூடும். தாயையும் மகனையும் ஒரே அறையில் உட்கார வைத்து, அந்தப் பத்து ஆண்டுகளைப் பற்றி இருவரும் பேசும்படி செய்ய ஒருவர் முன்வராதவரை, மாத்திரை அவனுக்கு உறக்கத்தைத் தருமேயன்றித் தாயைத் தராது.

மற்றொரு காட்சியையும் சொல்ல வேண்டும். இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் பதைக்கிறது. ஸ்பானிஷ் மட்டுமே அறிந்த ஒரு தாய் உறக்கமின்றியும் உணவின்றியும் மெலிந்து வைத்தியசாலைக்கு வருகிறாள். வைத்தியருக்கு ஸ்பானிஷ் தெரியாது. உடன் வந்திருக்கும் பத்து வயது மகள் நடுவே நிற்கிறாள். "உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டுமென்று உன் தாய்க்குத் தோன்றுகிறதா என்று கேள்" என்கிறார் வைத்தியர். அந்தக் குழந்தை என்ன செய்யும்? கேள்வியை மென்மையாக்கித் தாயிடம் சொல்லும். தாயும் மகளின் முகத்தைப் பார்த்துப் பதிலை மென்மையாக்குவாள். குழந்தை அதனை மேலும் மென்மையாக்கி வைத்தியரிடம் சொல்லும். முடிவில், "தலைவலிதான்" என்று எழுதப்படுகிறது. வீட்டுக்குத் திரும்பும் வழியிலே அந்தக் குழந்தை தன் வயதுக்கு மீறிய ஓர் இரகசியத்தைச் சுமந்துகொண்டு செல்கிறது. அன்றிலிருந்து தாயைக் காவல் காப்பது தன் கடமையென்று எண்ணிக்கொள்கிறது. வாடகைச் சீட்டையும் வரிக் கடிதத்தையும் வங்கிக் காரியத்தையும் பிள்ளைகள் மொழிபெயர்த்துச் சொல்வது குடும்பத்துக்கு உதவி; அதனாற் சில பிள்ளைகள் தன்னம்பிக்கையும் பெறுகிறார்கள். மனநோவைப் பற்றிய பேச்சிலே மட்டும் பிள்ளையைத் துபாஷியாக நிறுத்துவது அநீதி என்பதே என் திடமான அபிப்பிராயம்.

அமெரிக்கச் சட்டமும் இதனை உணராமல் இல்லை. 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம், அரசாங்கப் பணம் பெறும் ஸ்தாபனங்கள் பிறந்த நாட்டைக் காரணமாகக் கொண்டு எவரையும் ஒதுக்கலாகாது என்று விதித்தது. பாஷை தெரியாதவர்களுக்குத் துபாஷி வைத்துத் தருவதும் அதிலடங்கும் என்பது 2000இல் பிறப்பிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணையால் வலியுறுத்தப்பட்டது. 2016இல் வந்த சுகாதார விதிகள், அவசர நிலையிலன்றிச் சிறு பிள்ளைகளை மொழிபெயர்க்கச் செய்யலாகாது என்று வெளிப்படையாகவே சொல்லின. சட்டம் இருக்கிறது, ஸ்பானிஷ் அறிந்த வைத்தியர்கள்தாம் போதுமான அளவில் இல்லை. அமெரிக்க மனோதத்துவ அறிஞர் சங்கம் 2015இல் எடுத்த கணக்கில், அந்நாட்டு மனோதத்துவ நிபுணருள் ஸ்பானிஷ் பாஷையிலே சிகிச்சை அளிக்கக்கூடியவர்கள் 100க்கு ஐந்து அல்லது ஆறு பேரே என்று தெரியவந்தது.

மூத்த தலைமுறையினரின் மௌனத்தையும் நாம் அநுதாபத்தோடு பார்க்கவேண்டும். அழுக்குத் துணியை வீட்டிலேயே துவைக்க வேண்டும் என்று அவர்களுடைய பழமொழி கூறுகிறது. வீட்டு வழக்கு வெளியே போகலாகாது என்று வளர்ந்த எவருக்கும் அதன் பொருள் உடனே விளங்கும். பெரியோருக்குக் காட்டும் மரியாதையை அவர்கள் ரெஸ்பேத்தோ என்று சொல்லி, குழந்தைக்கு நடை பழக்கும் நாளிலேயே அதையும் பழக்குகிறார்கள். அந்த மரியாதையே, போரில் தம் கண்முன் நடந்ததைத் தாத்தா சொல்லாமலிருப்பதற்கும், பேரன் கேளாமலிருப்பதற்கும் காரணமாகிவிடுகிறது. ஸ்பெயினிற் பிறந்து எல் சால்வதோரில் உழைத்த இயேசு சபைக் குருவும் மனோதத்துவ அறிஞருமான இக்னாசியோ மார்த்தின் பாரோ இதைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர். போரினால் விளையும் மனப்புண் தனி மனிதனுக்குள்ளே மட்டும் தங்கியிருப்பதன்று, மனிதர்க்கிடையேயுள்ள உறவிலே அது தங்கியிருக்கிறது, பொய்யும் பயமும் உறவைச் சிதைக்கும் வரையில் அந்தப் புண் ஆறாது என்பது அவருடைய சித்தாந்தம். சிகாகோவிலே படித்துவிட்டு எல் சால்வதோருக்கே திரும்பிச் சென்ற அந்தப் பெரியாரை, 1989 நவம்பர் 16ஆம் நாள், சான் சல்வதோர் சர்வகலாசாலையிலே உடனிருந்த குருமார்களோடு இராணுவத்தினர் சுட்டுக் கொன்றார்கள். அவர் சொல்லிச் சென்றது இன்று வாஷிங்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் வாழும் சால்வதோர்க் குடும்பங்களின் வீட்டுக் கூடத்திலே கண்கூடாகத் தெரிகிறது.

இந்த மௌனம் முற்றிலும் பேச்சற்றதுமன்று. பாட்டி தனக்கு நெர்வியோஸ் கண்டிருக்கிறது என்பாள். நரம்புத் தளர்ச்சி, படபடப்பு, கவலை, கோபம் எல்லாம் அதிலடங்கும். சாவு வீட்டிலோ குடும்பத்தில் பெருஞ்சச்சரவு நேர்ந்த இடத்திலோ ஒருத்தி திடீரென்று அலறி, நடுநடுங்கி, மார்பிலே வெப்பம் ஏறுவதாகச் சொல்லி, சில சமயம் நினைவிழந்து விழுவதும் உண்டு. அதனை அத்தாக்கே தே நெர்வியோஸ் என்பார்கள். ஒரு காலத்திலே அமெரிக்க இராணுவ வைத்தியர்கள் போர்த்தோ ரீக்கோ போர்வீரர்களிடம் இதைக் கண்டு போர்த்தோ ரீக்கோ நோய்க்குறி என்று பெயரிட்டார்கள். 1985 அக்டோபரில் போன்ஸே நகருக்கு அருகிலுள்ள மமேயெஸ் என்ற குடியிருப்பு மண்சரிவிலே புதையுண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட பின்னர், பீட்டர் குவார்னாச்சியா முதலிய அறிஞர்கள் அத்தீவினரிடையே செய்த ஆராய்ச்சி, இதனைத் துக்கத்தின் ஒரு வடிவமாக விளங்கிக்கொள்ள வழி செய்தது. இந்த அநுபவம் உடையவர்களிடம் மனச்சோர்வும் பீதியும் மிகுதியாக இருந்தன. ஆயினும் இது கண்ட அனைவரும் நோயாளிகள் அல்லர் என்பதும் தெரிந்தது. 1994இல் அமெரிக்க மனோவைத்தியர்களின் நோய் அட்டவணையிலேயே இதற்கு ஓர் இடம் கிடைத்தது. பாட்டி சொல்வதைப் பிதற்றலென்று தள்ளாமல், எப்பொழுது வந்தது, அப்பொழுது வீட்டில் என்ன நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார் என்று கேட்கும் வைத்தியருக்கு, குடும்பத்தின் சரித்திரமே திறந்துவிடுகிறது. மூலிகையும் முட்டையும் கொண்டு சுத்தி செய்யும் குராந்தேரா என்ற மருத்துவச்சியிடமும், தேவாலயத்துக் குருவிடமும் குவாதலூப்பே மாதாவின் சந்நிதியிலும் பாட்டி முதலிற் போய் நிற்பதைக் குற்றமாகக் கருதுவதும் வீண். அவளை அங்கிருந்து கைபிடித்து அழைத்துவருவதே தக்கது.

பேத்தியின் நிலை வேறு. 1990களிலிருந்து பல ஆண்டுகள் எடுக்கப்பட்ட பள்ளிக் கணக்கெடுப்புகளில், லத்தீனோப் பெண்பிள்ளைகள் தம் வயதொத்த மற்றப் பெண்களைவிட அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றதாகத் தெரியவந்தது. நியூயார்க்கிலே லூயிஸ் சாயாஸ் என்ற அறிஞர், அவ்வாறு முயன்ற பெண்களையும் அவர்களுடைய தாய்மாரையும் ஒருங்கே பேட்டி கண்டு, முயலாத பெண்களின் குடும்பங்களோடு ஒப்பிட்டார். தாயும் மகளும் ஒருவரையொருவர் எவ்வளவு அறிந்து மனம் கலந்திருக்கிறார்கள் என்பதிலேதான் பெரும் வேற்றுமை காணப்பட்டது. வீட்டைக் காக்க வேண்டிய பெண்ணாகத் தாய் வளர்க்கிறாள். தன் வழியைத் தானே தேடும் பெண்ணாகப் பள்ளி வளர்க்கிறது. இரண்டு அன்பும் உண்மையானவையாக இருக்க, நடுவிலே அந்தப் பெண் இரண்டாகக் கிழிபடுகிறாள். இதைக் கண்டு ரோசா ஹில் அம்மையார் நடத்திய கொமுனிலைஃப் என்ற ஸ்தாபனம், 2008இல் அந்நகரின் பிராங்ஸ் பகுதியில், பள்ளி விட்ட பிறகு இப்பெண்கள் வந்து ஓவியம் தீட்டவும் இசை பயிலவும் பாடம் படிக்கவும் மனம் விட்டுப் பேசவும் ஓர் இல்லத்தை ஏற்படுத்திற்று. தாய்மாரும் அங்கே வரவேண்டும் என்பது அதன் ஏற்பாடு.

குடும்பத்துக்கே சிகிச்சை என்ற எண்ணம் அமெரிக்காவிலே வேரூன்றியதில் லத்தீன் அமெரிக்கருக்குப் பெரும் பங்கு உண்டு. அர்ஜென்டினாவில் 1921இல் பிறந்த சல்வதோர் மினூச்சின் என்ற மனோவைத்தியர், நியூயார்க்கின் வில்ட்விக் பள்ளியிலே குற்றவாளிகளென்று ஒதுக்கப்பட்ட கறுப்பினச் சிறுவர்களுக்கும் போர்த்தோ ரீக்கோச் சிறுவர்களுக்கும் வைத்தியம் செய்தபோது, பள்ளியிலே திருந்திய பையன் வீட்டுக்குப் போனதும் பழையபடி ஆகிவிடுவதைக் கண்டு, சிறுவனை விட்டுவிட்டு வீட்டையே அழைத்து உட்கார வைத்தார். அந்த அநுபவத்தை அவரும் தோழர்களும் 1967இல் நூலாக்கினார்கள். பின்னர் பிலடெல்பியாவில், பட்டமில்லாத அயலவர்களையே பழக்கிக் குடும்ப வைத்தியர்களாக்கவும் அவர் முன்வந்தார். அது மருத்துவ உலகில் துணிகரமான செயல்.

மயாமியிலே ஹோஸே சப்போச்னிக் என்ற மனோதத்துவ அறிஞர் செய்த வேலை இன்னும் நேரடியாக நம் விஷயத்தைச் சார்ந்தது. 1970களில் கியூபாக் குடும்பங்களைக் கவனித்த அவர், பிள்ளைகள் அமெரிக்கப் பழக்கத்தை விரைந்து ஏற்க, பெற்றோர் மெல்லவே ஏற்க, இந்த வேகத்தின் வேற்றுமை பருவ வயதின் இயல்பான சச்சரவோடு சேர்ந்து குடும்பத்தைப் பிளக்கிறது என்று கண்டார். அவருடைய முறையிலே பகைவனாக நிறுத்தப்பட்டது தாயுமன்று, மகனுமன்று. பண்பாட்டு மோதலே பொது எதிரியாக இருவர்முன்னும் வைக்கப்பட்டது. குடும்பம் சிகிச்சைக்கு வரவே மறுத்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் அவர் விடை தேடினார். வழக்கமாக வைத்தியர்கள் வராதவர்களை அக்கறையற்றவர்கள் என்று தள்ளிவிடுவார்கள். அவரோ வராமையையே நோயின் முதல் அறிகுறியாகக் கொண்டு, முதல் தொலைபேசிப் பேச்சிலிருந்தே சிகிச்சையைத் தொடங்கினார்: தகப்பன் ஏன் தயங்குகிறான், எதற்கு அஞ்சுகிறான், யார் சொன்னால் கேட்பான் என்று விசாரித்து, வேண்டுமானால் வீட்டுக்கே ஆளனுப்பினார். 1988இல் வெளிவந்த ஒப்பீட்டில், வழக்கமான முறையில் அழைக்கப்பட்ட குடும்பங்களில் 100க்கு 42 மட்டுமே சிகிச்சைக்கு வந்தன. அவர் முறைப்படி அழைக்கப்பட்டவற்றில் 93 வந்தன. லத்தீனோக்கள் மனநல உதவியை நாடுவதில்லை என்று அடிக்கடி சொல்லப்படும் குற்றச்சாட்டுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பை நான் காணவில்லை. நாடாதவர்கள் அவர்கள் என்பதைக் காட்டிலும், அவர்களை நாடிச் செல்லாதவர்கள் நாம் என்று சொல்வதே நேர்மை.

என் மனத்துக்கு மிகவும் உகந்த ஒரு முயற்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். 1980களில் நியூயார்க்கிலே ஜுஸெப்பே கொஸ்தாந்தினோ, ராபர்ட் மால்கடி, லாயிட் ராக்லர் ஆகிய மூன்று அறிஞர்களும், பள்ளியிலே அமைதியற்றும் அச்சமுற்றும் இருந்த போர்த்தோ ரீக்கோச் சிறுவர் சிறுமியருக்கு என்ன செய்யலாம் என்று ஆராய்ந்தார்கள். ஐந்து வயது முதல் எட்டு வயது வரை உள்ள குழந்தைகள் அவர்கள். விளையாட்டின் மூலம் செய்யும் சிகிச்சை அக்காலத்தில் வழக்கிலிருந்தது. இவர்களோ போர்த்தோ ரீக்கோவின் நாடோடிக் கதைகளை எடுத்துக்கொண்டார்கள். கதையை ஸ்பானிஷிலும் இங்கிலீஷிலும் வாசிப்பவர்கள் வைத்தியரோடு உட்கார்ந்த தாய்மாரே. வாசித்து முடிந்ததும், அந்தக் கதாபாத்திரம் செய்தது சரியா, நீயாயிருந்தால் என்ன செய்வாய் என்று பேச்சு நடக்கும். பிறகு தாயும் பிள்ளையும் அந்தக் கதையைத் தாமே நடித்துக் காட்டுவார்கள். ஒரு பிரிவினருக்குக் கதை பழைய வடிவத்திலேயே சொல்லப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு அதே கதை, தீவின் கிராமத்தை விட்டு நியூயார்க் தெருவிலே நடப்பதாக மாற்றிச் சொல்லப்பட்டது. ஓராண்டுக்குப் பின்னரும் சோதித்தபோது, கதை கேட்ட குழந்தைகளின் கவலை மற்றக் குழந்தைகளினுடையதைவிடக் குறைந்திருந்தது. பாஷை தெரியாத ஊரிலே பிள்ளைக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்க இயலாதவள் என்று தன்னைத் தானே தாழ்த்திக்கொண்டிருந்த ஒரு தாய், அந்த அறையிலே தன் பாட்டி சொன்ன கதையைத் தன் வாயாற் சொல்லும்போது, பிள்ளையின் முன்னே அவளுடைய அந்தஸ்து எவ்வளவு உயர்ந்திருக்கும்! சிகிச்சையின் பாதிப் பலன் அங்கேதான் விளைந்தது என்று நான் நம்புகிறேன்.

உதவி எந்த வாசலில் நிற்கவேண்டும் என்ற கேள்விக்கும் முன்னோடிகள் விடை தந்திருக்கிறார்கள். 1960களில் தென் பிராங்ஸில் லிங்கன் வைத்தியசாலையின் மனநலப் பிரிவு, தெருவோரக் கடைகளை வாடகைக்கு எடுத்து, அத்தெருவாசிகளையே வேலைக்கு அமர்த்தி, வாடகைத் தகராறு முதல் மனக்கவலை வரை எதற்கும் மக்கள் உள்ளே வந்து பேசலாம் என்று வைத்தது. மனநோயைத் தனியே கேட்காமல் வீடு, வேலை, பள்ளி எல்லாவற்றோடும் சேர்த்துக் கேட்டது. ஓக்லந்தில் 1971இல் தோன்றிய லா கிளீனிக்கா தெ லா ராஸா, வாஷிங்டனில் 1983இல் மத்திய அமெரிக்க அகதிகளுக்காகத் தோன்றிய லா கிளீனிக்கா தெல் புவெப்லோ முதலிய நிலையங்கள் அவ்வழியிலே வளர்ந்தவை. 2003லிருந்து மெக்ஸிகோ தன் துணைத் தூதரகங்களிலேயே சுகாதாரச் சாளரங்களைத் திறந்துவருகிறது. பாஸ்போர்ட்டுக்காக வரிசையில் நிற்கும் தொழிலாளி அங்கேயே இரத்த அழுத்தத்தையும் மனநிலையையும் பற்றிக் கேட்டுக்கொண்டு போகலாம். ப்ரொமொத்தோரா என்று அழைக்கப்படும் சுகாதாரத் தோழியர் இவையெல்லாவற்றுக்கும் உயிர்நாடி. அதே தெருவில் வாழ்ந்து, அதே தேவாலயத்தில் வணங்கி, அதே கடையிலே சோளமாவு வாங்கும் ஒரு பெண், சில மாதம் பயிற்சி பெற்று அண்டை வீட்டுக் கதவைத் தட்டும்போது, அவளை எவரும் அந்நிய அதிகாரி என்று எண்ணுவதில்லை.

கதவைத் தட்டினால் திறக்கப் பயப்படுகிற காலமும் வந்துவிட்டது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. 2018இல் எல்லைப்புறத்திலே பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்த கொள்கையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் தாய் தந்தையர் இருக்குமிடம் தெரியாமல் அலறினார்கள். குழந்தை வைத்தியர்கள் அன்றே அதனைக் கண்டித்தார்கள். அரசாங்க உதவி பெற்றவருக்கு நிரந்தரக் குடியிருப்பு உரிமை மறுக்கப்படலாம் என்ற விதி 2020இல் நடைமுறைக்கு வந்து 2021இல் கைவிடப்பட்டது. ஆயினும் வைத்தியசாலையிலே பெயர் கொடுத்தால் ஆபத்து என்ற எண்ணம் விதியோடு போய்விடவில்லை. தகப்பனுக்குக் குடியிருப்புச் சீட்டில்லை, தாய்க்குத் தற்காலிகச் சீட்டு, பிள்ளை பிரஜை என்று ஒரே வீட்டில் மூவகை நிலையினர் வாழும் குடும்பங்கள் எண்ணற்றவை. பள்ளியிலிருந்து திரும்பும்போது அப்பா வீட்டில் இருப்பாரா என்று ஐயுறும் குழந்தைக்கு வைத்தியர் பீதிநோய் என்று பெயர் வைக்கலாம். அந்தப் பீதிக்குக் காரணம் குழந்தையின் மனத்திலே இல்லை. இவ்விஷயத்திலே வைத்தியரின் கடமை மருந்தோடு முடிந்துவிடாது; நல்ல வழக்கறிஞர் ஒருவரைத் தெரிந்து வைத்திருப்பதும், அதிகாரிகளின் முன் சாட்சி சொல்வதும் சிகிச்சையின் பகுதியே.

அத்தகைய ஒரு குடும்பம் இன்று உதவி தேடினால் எங்கே தொடங்கலாம் என்று என்னைக் கேட்பீர்களானால், வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் சமூகச் சுகாதார நிலையத்தையே நான் முதலிற் சொல்வேன். 1962இல் வயல் தொழிலாளருக்கென்று இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே வந்த பணமும் அவற்றிற் சேர்ந்து ஓடுகிறது. நோயாளியின் குடியுரிமையைக் கேளாமலேயே அவை நெடுங்காலம் நடந்துவந்தன. அங்கே சென்று துபாஷி வேண்டுமென்று கேட்பது உரிமை. பிள்ளையை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பேச வேண்டுமென்பதும் உரிமை. உயிருக்கு ஆபத்தான நெருக்கடியிலே, 2022 ஜூலை முதல் 988 என்ற மூன்று இலக்கங்களை எவரும் சுழற்றலாம். ஸ்பானிஷிலே பேச விரும்புவோர் 2ஐ அழுத்தினாற் போதும். 2023இலிருந்து ஸ்பானிஷில் எழுத்து மூலமும் பேசலாம். பக்கத்து அறையில் உறங்கும் தாய்க்குக் கேட்காமற் பேச விரும்பும் பெண்ணுக்கு அது பேருதவி. ஆனால் தொலைபேசியிலே ஓர் இரவைக் கடந்துவிட்ட அந்தப் பெண்ணுக்கு மறுவாரம் தாயோடும் பாட்டியோடும் உட்கார்ந்து பேச ஓர் அறையும், மூவர் பேச்சையும் விளங்கிக்கொள்ளும் ஒருவரும் வேண்டும். அவ்வொருவரை உண்டாக்கும் பணி சர்வகலாசாலைகளின் வாசலிலேயே நின்றுபோயிருக்கிறது. வீட்டிலே பிள்ளைப் பருவம் முதல் துபாஷியாக உழைத்த அந்தச் சிறுமிகளே பின்னாளில் மனோதத்துவம் பயில வருகிறார்கள். அவர்களுக்குப் படிப்புச் சம்பளத்தைத் தள்ளிக்கொடுத்து, ஸ்பானிஷிலேயே சிகிச்சை செய்யப் பயிற்சி தந்து, ப்ரொமொத்தோராக்களுக்கு நிலையான ஊதியம் கொடுக்கும் மாகாணங்கள் எவையோ அவற்றிலேதான் அடுத்த பத்தாண்டில் அந்த அறைகள் திறக்கும்.